ஃபிரிட்ஜுக்கு ஆண்டுதோறும் கேஸ் போடுகிறோமா?

அத்தை தலைமாட்டில் ஒரு அலுமினியக் குண்டான் வைத்திருந்தார். கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள், இரவு இரண்டு மணி. தண்ணீர் குடிக்க எழுந்த எனக்கு அவர் அறையிலிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், ஏசியின் இடது மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். குண்டான் கால் பங்கு நிறைந்திருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர். ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பது அவருக்குச் சிறு வயதுப் பழக்கம். காலையில் கேட்டபோது, "நான்கு நாளாகச் சொட்டுகிறது. உனக்குக் கணக்கு முடிக்கிற நேரம், எதற்குத் தொந்தரவு என்று சொல்லவில்லை" என்றார்.

எனக்கு எரிச்சல் அவர்மீது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் சர்வீஸ் என்ற பெயரில் பணம் கொடுத்து அந்த ஏசியைக் கழுவியிருந்தோம். அதற்கு மேல் கேஸும் போட்டிருந்தோம்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து பத்து நிமிட நடையில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஒன்று, ஒரு டன் ஒன்று, குளியலறைக்கு ஒரு ஹீட்டர். குடிவந்த முதல் சில ஆண்டுகளில் இவற்றுக்கு நான் செய்த பராமரிப்பு ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றியது மட்டும்தான். மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

அந்த ஒன்றரை டன் ஏசிக்கு அடுத்தடுத்து மூன்று கோடையில் மூன்று முறை கேஸ் போட்டோம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். வருகிற தம்பி அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டுவார். முள்ளைக் காட்டி, "கேஸ் குறைந்துவிட்டது மேடம்" என்பார். நானும் தலையை ஆட்டுவேன். வீட்டில் கேஸ் என்றால் நமக்கு முதலில் சமையல் சிலிண்டர்தான் நினைவுக்கு வருகிறது. அடுப்பு எரிந்தால் கேஸ் தீரும், தீர்ந்தால் புதுச் சிலிண்டர் வரும். ஏசியும் அப்படித்தான் போலிருக்கிறது, ஒரு கோடைக்கு ஒரு கேஸ் என்று எடுத்துக்கொண்டேன். வணிகவியல் படித்து, ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள், என் வீட்டுச் செலவில் ஒரே தொகை மூன்று முறை திரும்ப வந்ததைக் கேள்வி கேட்காமல் கடந்திருக்கிறேன்.

குண்டான் வைத்த மறுநாள், எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் ஒரு பெரியவரை அனுப்பிவைத்தார். அறுபதை நெருங்கும் வயது. சைக்கிளில் வந்தார். பையிலிருந்து கருவிகளை எடுக்குமுன் நாற்காலி கேட்டு உட்கார்ந்து, ஏசியின் கதையைக் கேட்டார். மூன்று முறை கேஸ் போட்டதைச் சொன்னதும் நிறுத்தினார்.

"ஏன் குறைகிறது என்று யாராவது சொன்னார்களா அம்மா?"

"இல்லை அண்ணா."

"உங்கள் ஃபிரிட்ஜ் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது?"

"பன்னிரண்டு இருக்கும்."

"அதற்கு எத்தனை முறை கேஸ் போட்டீர்கள்?"

நான் பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே தத்துவத்தில் ஓடும் இயந்திரங்கள். மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உள்ளே ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது, வெளியே திரவமாகும்போது அதை விட்டுவிடுகிறது. எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையை விட்டுவிட்டு கேஸை மட்டும் நிரப்பினால் அடுத்த கோடைக்கு அதே மூவாயிரத்தை இப்போதே எடுத்து வைத்துவிடலாம்.

பெரியவர் உடனே மீட்டரை எடுக்கவில்லை. பால்கனிக்குப் போய், அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய்கள் சேரும் பித்தளை நட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நட்டின் அடியில் தூசு பிசினாக ஒட்டிக் கறுத்திருந்தது. "இது வெறும் அழுக்கு இல்லை. எண்ணெய். கம்ப்ரசர் எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் ஓடும். கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும்" என்றார். பிறகு ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொஞ்சம் சோப்புத் தூளும் கேட்டார். நுரை கலக்கி, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் நட்டைச் சுற்றிப் பூசினார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நான் நிமிரப் போன நேரத்தில் நட்டின் அடிப்புறத்தில் கடுகளவு ஒரு குமிழி வந்தது. மிளகளவு ஆனது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

மூன்று கோடையாக என் பணம் போய்க்கொண்டிருந்த ஓட்டை அதுதான். டம்ளர் நுரைக்கு ஆன செலவு ஒரு ரூபாய்கூட இருக்காது.

அதன் பிறகு அவர் செய்ததை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் முன்பு வந்த எவரும் இதில் பாதியைக்கூடச் செய்ததில்லை. இருந்த கேஸை எடுத்தார். விரிசல் விட்ட குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்துப் பொருத்தினார். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று அரை மணி நேரம் காத்திருந்தார். (நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுகிறவர்கள் உண்டாம். எண்ணெய் இருக்கும் குழாயில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் போனால் வெடிக்கும். யாராவது அப்படி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.) அடுத்து வேக்குவம் பம்ப்பை மாட்டி, குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். கடைசியில் கேஸ் சிலிண்டரை எடை எந்திரத்தின்மேல் வைத்து, கிராம் கணக்கில் நிரப்பினார். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. அத்தனை ஆண்டுகளில் நான் அதைப் படித்ததே இல்லை.

அந்தத் தகட்டைப் படிப்பது உங்கள் பாதுகாப்புக்கும் உதவும். பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும், இடைக்காலத்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. ஆர்-32 மெல்லத் தீப்பிடிக்கக் கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். கேஸ் வேலை நடக்கிற பால்கனியில் பூஜை விளக்கோ பீடியோ இருக்கக் கூடாது. எங்கள் பால்கனியில் துளசி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் முதலில் அதை அணைக்கச் சொன்னார். அத்தைக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

இவ்வளவும் முடிந்த பிறகு, "தண்ணீர் சொட்டுவது தனிக் கதை" என்றார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கேஸ் சரியானால் சொட்டும் நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏசியிலிருந்து வரும் தண்ணீர் அறைக் காற்றில் இருக்கும் ஈரம். கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டால் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஏசிக்குள் கேஸ் சுற்றும் குழாய்ச் சுருளான குளிர்ந்த காயிலில் ஈரம் படிந்து, அடியில் இருக்கும் தட்டில் விழுந்து, பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஓர் இரவில் பல லிட்டர் சேரும். தட்டிலும் குழாயிலும் தூசும் ஈரமும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு பாசி வளர்கிறது. அது குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் தட்டு நிரம்பி அறைக்குள் விழும். இது ஒரு வகை. இன்னொரு வகை, காயிலில் பனிக்கட்டி பிடிப்பது. ஃபில்டர் அடைத்துக் காற்றுப் போகாவிட்டாலும், கேஸ் குறைந்தாலும் காயில் உறைந்துவிடும். ஏசியை நிறுத்தியதும் அந்தப் பனி உருகித் தட்டுக்கு வெளியேயும் வழியும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொட்டினால் பெரும்பாலும் குழாய் அடைப்பு. நிறுத்திய பிறகு மளமளவென்று கொட்டினால் பனி. முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் வெள்ளையாகப் படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அவுட்டோரிலும் ஓர் அடையாளம் உண்டு. அங்கே இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. ஏசி நன்றாக ஓடும்போது தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லியதில் மட்டும் பனி படிந்து, தடித்தது வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு கோளாறும் சேர்ந்திருந்தன. குழாயின் வெளிமுனையில் பெரியவர் வாயை வைக்காமல் ஒரு சிறு பம்ப்பால் உறிஞ்சினார். ஜவ்வரிசிக் கூழ்போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்து விழுந்தது. அத்தை அன்று மதியம் சாப்பாட்டில் பாயசத்தைத் தொடவில்லை. குழாய் சுவரைத் தாண்டும் இடத்தில் சரிவு தலைகீழாக இருந்ததையும் பெரியவர் காட்டினார். மாட்டிய நாளிலிருந்தே தண்ணீர் மேடேறித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போதெல்லாம் பங்குனியில் ஒருமுறை முன்மூடியைத் திறந்து, தட்டில் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, பால்கனியில் வந்து விழுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான்.

பேச்சுவாக்கில் அவரிடம் ஒன்று கேட்டேன்: ஒன்றரை டன் என்பது ஏசியின் எடையா? சிரித்தார். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை இழுக்கும் திறன்தான் ஒரு டன். வெப்பத்தை அளக்கும் அலகில் சொன்னால் மணிக்கு 12,000 பிடியூ. திருவல்லிக்கேணியில் நாம் ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் விவேகானந்தர் இல்லம், ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியை வைப்பதற்காக 1842இல் கட்டியது. அந்தக் கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். தினம் ஒன்றரை டன் பனிக்கட்டிக்கு மின்கட்டணம் கட்டிவிட்டு, அடைத்த ஃபில்டரால் அதில் ஒரு பங்கை வீணாக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளில் சிலவற்றுக்கே கூடுதல் விலை போடுகிறார்கள். எல்லைக்கோட்டில் இருக்கும் வீட்டுக்கு ஓர் அழுக்கு ஃபில்டர் போதும்.

ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி, தூசு படிந்த பக்கத்துக்குப் பின்புறமிருந்து குழாய்த் தண்ணீரைக் காட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். காயிலின் தகடுகளில் விரலைக் கொடுக்காதீர்கள், பிளேடு மாதிரி அறுக்கும்.

கடல் பக்கத்து வீடுகளுக்குத் தனிச் சங்கடம் உண்டு. உப்புக் காற்று அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளைத் தின்கிறது. எங்கள் யூனிட்டின் பின்பக்கத்தைப் பெரியவர் நகத்தால் கீறியபோது தகடு விபூதியாக உதிர்ந்தது. மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரால் உப்பைக் கழுவிவிடச் சொன்னார். அதிக அழுத்த ஜெட் பம்ப்பைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றுப் புகாமல் போய்விடும். சாக்கடை வாடை வீசும் கால்வாய் ஓரங்களில் வேறு வினை. அந்த வாயுவில் இருக்கும் கந்தகம் செம்பையே கறுக்க வைத்து அரிக்கும். இன்னொரு வகை அரிப்பு, எறும்புப் புற்றைப்போலக் குழாய்ச் சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிளை கிளையாகப் போகும். அது வந்துவிட்டால் சோப்பு நுரையில் நட்டு எதுவும் காட்டிக்கொடுக்காது. காயிலையே மாற்ற வேண்டியதுதான்.

பல்லியை மறந்துவிட்டேன். ஒரு டன் ஏசி அடுத்த ஆடியில் சட்டென்று நின்றபோது, அதன் சர்க்யூட் போர்டில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. போர்டு மாற்ற ஏழாயிரம் ஆனது. வயர் நுழையும் துவாரத்தை மூடியிருந்தால் மிச்சமாகியிருக்கும். இப்போது இரண்டு யூனிட்டிலும் அடைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நானே கைவைப்பதில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், சுவிட்சை நிறுத்திய பிறகும் அதிர்ச்சி கொடுக்கும்.

நான் செய்யும் இன்னொரு வேலை, கணக்குப்பிள்ளைப் புத்தி என்று வீட்டில் கேலி செய்வார்கள், வெப்பநிலை குறிப்பது. இருநூறு சொச்சம் ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஏசியை 18இல் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுகிறேன். 24இல் விட்டால் இன்வெர்ட்டர் ஏசி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், சோதனைக்கு உதவாது. மேலே உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம், கீழே வெளியே வரும் காற்றின் வெப்பம், இரண்டையும் அளக்கிறேன். வித்தியாசம் 8இலிருந்து 12 டிகிரி இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் கசிவை அடைத்த அன்று 11. அதற்கு முந்தைய நாள் அளந்திருந்தால் நான்கோ ஐந்தோதான் இருந்திருக்கும். ஃபில்டரைக் கழுவாமல் அளந்தால் இந்த எண் ஏமாற்றும். குறைவான காற்று மெதுவாகப் போவதால் அதிகம் குளிர்ந்து வந்து, எல்லாம் பிரமாதம் என்று காட்டும். சர்வீஸுக்கு வருகிறவர்முன் இப்போது நான் இருமுறை அளக்கிறேன், வேலைக்கு முன்பும் பின்பும். நோட்டில் எழுதுவதைப் பார்த்ததும் பலருக்கு வேலையில் ஓர் அக்கறை வந்துவிடுகிறது.

ஹீட்டருக்கு வருகிறேன். நமக்குக் குளிர் என்பது மார்கழியில் நாலு வாரம் என்பதால் பதினொரு மாதம் அதை யாரும் நினைப்பதில்லை. ஒரு மார்கழி விடியலில் அத்தை குளியலறையிலிருந்து, "குழாயைத் தொட்டால் சுர் என்கிறது" என்றார். வயதானால் நரம்புத் தளர்ச்சி வரும் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்து எனக்கே சுர் என்றது. அன்று நான் குறுகிப்போனதை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் பகுதியில் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்த கடின நீர். ஹீட்டரைக் கழற்றியபோது தண்ணீரைச் சூடாக்கும் காயிலைச் சுற்றி உப்பு, சுண்ணாம்புக் காளவாயில் இருந்து எடுத்ததுபோல் அரை விரல் கனத்துக்கு வெள்ளையாக ஏறியிருந்தது. உப்பு மூடிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே கொதித்து, மேலுறை வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசிந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் அது எங்களைத் தொடாமலே போயிருக்கும். பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் வயர் எதிலும் மாட்டப்படாமல் சும்மா மடித்து வைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது.

அன்றே எர்த்தைச் சரிசெய்து, மின்சாரம் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் டிரிப்பரும் போட்டோம். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் தொங்கும் வெறும் அலங்காரம். தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. தான் கரைந்து எஃகுத் தொட்டியைத் துருவிலிருந்து காப்பது அதன் வேலை. எங்களுடையது பென்சில் முனையாக மிஞ்சியிருந்தது. நம் தண்ணீருக்கு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்த்துவிடுவது நல்லது. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின் சிறு கைப்பிடியையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், சூட்டில் கைவைக்காமல். உப்பு அடைத்து அது திறக்காமல் போனால், தெர்மோஸ்டாட்டும் கெட்டிருக்கும் நாளில் தொட்டியே வெடிக்கலாம். வாளி நிரம்பியதும் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

ஆண்டு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாளைப் படியுங்கள். எங்களுக்குக் கிடைத்த ஒன்றில் கேஸ், போர்டு, கம்ப்ரசர் மூன்றும் சேராது என்று சின்ன எழுத்தில் இருந்தது. மிச்சம் இருப்பது கழுவுவதுதான். பெரியவரை ஆண்டுக்கு இருமுறை கூப்பிடுவது எனக்கு மலிவு. மாசியில் வருகிறார், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை வருகிறார். சித்திரையில் கூப்பிட்டால் அவருக்கே நிற்க நேரமிருக்காது.

அந்தக் குண்டான் இப்போது பால்கனிக்குப் போய்விட்டது, ஒரு வாளியாக. டிரெயின் குழாயின் முனையை அதில் விட்டு, வருகிற தண்ணீரில் அத்தை வீடு துடைக்கிறார், செம்பருத்திக்கு ஊற்றுகிறார். குடிக்கவோ சமைக்கவோ ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "வாளி தினமும் விளிம்பு வரை வரும், இன்றைக்குப் பாதிதான் இருக்கிறது" என்றார். நேற்று முழுவதும் காய்ந்த மேல்காற்று அடித்தது. அதனாலும் இருக்கலாம், மறுபடி பாசி அடைத்திருக்கவும் செய்யலாம். இந்த முறை அவர் நான்கு நாள் காத்திருக்கவில்லை. குவளையும் டார்ச்சும் மேஜைமேல் இருக்கின்றன, ஸ்டூலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.